நாகநதி சொல்லும் பாடம்



வேலூர் மாவட்டத்து நாகநதி பல வருஷம் வறண்டு கிடந்தது. கிணறுகளும் வற்றிப் போச்சு. 2014-இல் தொடங்கி நான்கு ஆண்டுகளில், சுமார் 20,000 பெண்கள் 100 நாள் வேலைத் திட்டத்தில் உழைத்து அதை மீட்டார்கள். எப்படி?

1. மேட்டு ஓடைகளில் கல் அடுக்கித் தடுப்பு போட்டார்கள். மழைநீரின் வேகம் குறைந்தது.

2. ஓடைகளில் குழி தோண்டி, சிமெண்ட் உறை இறக்கிக் கிணறு அமைத்தார்கள். தண்ணி பூமிக்குள் இறங்கியது.

நிலத்தடி நீர் ஏறினால்தான் மழை நின்ற பிறகும் ஆறு ஓடும். ஆற்றை மட்டும் தூர் வாரினால் போதாது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

* நம்ம ஊர் மழைநீர் எந்த ஓடையில் போகிறது?
* அதில் எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே குப்பை?

தீர்மானம் எழுதி கிராம சபையில் கொடுப்போம். நம்ம பிள்ளைகளும் ஆற்றில் குளிச்சு விளையாட வேண்டாமா?