வயலெலிகளின் வம்சாவளி

நெல், கரும்பு, நிலக்கடலை ஆகிய பயிர்களுக்கு எலிகளால் நேரும் சேதத்தைக் குடியானவர்கள் நன்கறிவர். ஆயினும் எலி என்னும் ஒரே பெயரால் வழங்கப்படும் ஜந்துக்கள் பல இனத்தவை என்பதையும், அவற்றுள் எது எதற்கு உறவு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஓர் எலியிடம் பயன்பட்ட உபாயம் மற்றோர் எலியிடம் பயன்படாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1. வயலிற் காணும் எலிகள்

திருவாலங்காட்டைச் சார்ந்த கிராமங்களில் நன்செயில் நெல்லும், அவ்வூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் பொருட்டுக் கரும்பும், புன்செயில் நிலக்கடலையும் சாகுபடியாகின்றன. தென்னிந்தியாவில் இத்தகைய நிலங்களில் முக்கியமாகக் காணப்படும் எலிகள் நான்கு.

வரப்பெலி பருத்த உடலும், உடலினும் குட்டையான வாலும் உடையது. வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே கதிர்களைச் சேமிக்கும். புல்லெலி மிருதுவான மயிருடையது. ஆழமில்லாத வளைகளிலும் நிலவெடிப்புகளிலும் வசிக்கும். வெள்ளெலி மேட்டு நிலத்தது. பெரிய கண்களும், நீண்ட பின்னங்கால்களும், நுனியில் மயிர்க்குஞ்சமுள்ள நீண்ட வாலும் கொண்டது. வயற்சுண்டெலி மிகச் சிறியது. வீட்டெலியும் பெருச்சாளியும் களத்திலும் களஞ்சியத்திலும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

புல்லெலியும் வீட்டெலியும் பார்வைக்கு ஏறக்குறைய ஒத்திருக்கும். பெருச்சாளியோ இரண்டினும் பன்மடங்கு பெரிது. உருவத்தை மட்டும் கொண்டு கணித்தால், முன்னிரண்டும் நெருங்கிய சுற்றம் என்றும், பெருச்சாளி அயல் என்றும் கூற நேரிடும். உண்மை இதற்கு மாறானது.

2. பரம்பரை ஆதாரம்

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தவை. 31 ஏடுகளைக் கொண்டவை. சோழர் வம்சாவளியைக் கூறுபவை. ஒவ்வொரு பிராணியும் தன் வம்சாவளியை இவ்வாறே தன் உடலிற் பொறித்து வைத்திருக்கின்றது. உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. என்னும் பொருளே அந்த ஏடு. அதில் நான்கு வகை மூலக்கூறுகள், நான்கு எழுத்துக்களைப் போல, மாறிமாறி அமைந்திருக்கும். சந்ததிக்காக இது படியெடுக்கப்படும்போது எப்பொழுதாவது ஓர் எழுத்து மாறிவிடுவதுண்டு. அம்மாற்றம் பின்வரும் தலைமுறைகளுக்கும் தொடரக்கூடும்.

கிராமக் கணக்கு எழுதுவோர் இதனை எளிதில் உணர்வர். ஒரு பழைய பத்திரத்திற்குப் பல நகல்கள் இருந்து, அவற்றுள் இரண்டில் மட்டும் சர்வே எண்களும் எல்லைகளும் ஒரே விதமாகப் பிழைபட்டிருப்பின், அவ்விரண்டும் பிழையான ஒரே நகலினின்று எழுதப்பட்டவை என்று துணியலாம். ஆராய்ச்சியாளரும் எலிகளின் டி.என்.ஏ.வில் பொதுவாகக் காணும் மாற்றங்களைக் கொண்டு இவ்வாறே கிளைகளை வகுக்கின்றனர். இதற்குக் காதிலோ வாலிலோ எடுத்த ஒரு சிறு துண்டே போதும்.

3. ஆராய்ச்சியிற் கண்டது

இவ்வாறு நோக்கியதில், வரப்பெலியும் பெருச்சாளியும் ஒரு குடும்பத்துச் சகோதரர் போன்றவை என்றும், வீட்டெலி அவற்றுக்கு நெருங்கிய பங்காளி என்றும் தெரிகின்றது. புல்லெலி வேறு கிளையைச் சேர்ந்தது. வயற்சுண்டெலியின் கிளையும் வீட்டெலியின் கிளையும் பிரிந்து 1 கோடி ஆண்டுகளுக்கு மேலாயின. வெள்ளெலி இவையனைத்துக்கும் தூரத்து உறவே. அது ஜெர்பில் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது. அக்கூட்டத்திற் பல வறண்ட பிரதேசங்களில் வாழ்பவை. மூஞ்சூறோ எலியே அன்று. பூச்சிகளைத் தின்னும் வேறொரு வரிசைப் பிராணி அது. அதனைப் பயிர்ப் பகையெனக் கொல்வது வீண்.

தமிழ்நாட்டு நீலகிரிப் பகுதியிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. அங்கே வீட்டெலியின் வகைகளெனக் கருதப்பட்டு வந்தவற்றுள் இரண்டு தனி இனங்கள் இருப்பதை 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. வீட்டெலியின் உயிரணுவில் 38 குரோமோசோம்கள் உள்ளன. காட்டில் வாழும் மற்றதற்கு 42. 1918-ல் ஹின்டன் என்னும் அறிஞர் சதாரா என்னும் ஊரின் பெயரால் வருணித்த எலியே இது. அதே 2011-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, வீட்டெலியின் ஒரு பெருங்கிளை இந்தியத் தீபகற்பத்தில் தோன்றி, மேற்காசியா வழியாக ஐரோப்பாவை அடைந்து, பின் கப்பல்களில் பல கண்டங்களுக்கும் பரவியதைக் காட்டிற்று.

4. ஓர் எச்சரிக்கை

டி.என்.ஏ.வின் ஒரு பகுதி தாய்வழியே மட்டும் இறங்குவது. அதை மட்டும் நோக்குவது, ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தாய்வழிப் பத்திரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதை ஒக்கும். தென்கிழக்காசியாவில் நெருங்கிய எலியினங்கள் கலந்து ஈன்றுள்ளமையால், தாய்வழிச் சான்று ஒன்றும் ஏனைய சான்று வேறொன்றும் கூறியதுண்டு. ஆதலின் இரு பெற்றோர்வழி வரும் டி.என்.ஏ., குரோமோசோம், மண்டையோடு, பல் ஆகிய யாவும் சேர்த்து ஆராயப்பட வேண்டும்.

5. குடியானவர்க்குப் பயன்

உறவு நெருங்கியதாயின் பழக்கமும் ஒன்றாயிருக்கும் என்று கொள்ளலாகாது. வரப்பெலியும் வீட்டெலியும் பங்காளிகளாயினும், முன்னது மண்ணைத் தோண்டும். பின்னது கூரையிலும் தென்னையிலும் ஏறும். ஆகவே கீழ்க்கண்டவற்றை அனுசரிப்பது நலம்.

(அ) வளையின் வாய், வெளியே தள்ளிய மண், எலியின் வால் ஆகியவற்றைக் கண்டு இனத்தை முதலில் அறிக.

(ஆ) வரப்பெலி மிகுந்த வயல்களில் வரப்புகளைக் குறுக்கி, களையின்றி வைக்கவும். வளை தோண்டிப் பிடிப்பதில் இருளர் மிகத் தேர்ந்தவர். அவர்களின் உதவியைக் கூலி தந்து பெறலாம்.

(இ) துத்தநாகப் பாஸ்பைடு கலந்த இரையைச் சிறிதே தின்று பிழைத்த எலி மறுமுறை அதனைத் தொடாது. ஆதலால் முதலிற் சில நாள் நஞ்சற்ற இரை வைத்துப் பழக்குதல் அவசியம். நஞ்சைக் குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதபடி காக்க வேண்டும்.

(ஈ) செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைக்கவும். எலிக்காய்ச்சல் உயிருக்கு ஆபத்தானது.

(உ) ஒருவர் வயலில் மட்டும் எலிகளை ஒழிப்பின், அடுத்த வயலினின்று அவை மீண்டும் குடிபுகும். ஆதலால் பயிர் கதிர்விடும் பருவத்திற்கு முன்னரே, ஓர் ஆயக்கட்டு முழுவதிலும் ஒரே காலத்தில் இவ்வேலை நடைபெறும்படி கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்தல் வேண்டும்.