கருத்துப்படக் கலையும் ஓவியக் கல்லூரியும்

கேலிச்சித்திரம், கருத்துப்படம் என இரு பெயரால் வழங்கும் கலையில் நாட்டமுடைய மாணவர் சிலர் நம்மிடையே உளர். ஓவியக் கல்லூரிக்குச் செலவிடும் பொருள் வீண்போகாதா என்பது அவர்தம் பெற்றோர் எழுப்பும் வினா. விசைத்தறியிலும் லாரித் தொழிலிலும் ஈட்டிய பணத்தை எண்ணிச் செலவிடும் சேலம், நாமக்கல் குடும்பங்களில் இவ்வினா எழுவது இயல்பே.

இதற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1888இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, கவிதையால் புகழ்பெறுமுன் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டிருந்தார். அத்தொழிலின் வறுமையும் பெருமையும் அவர் அறியாதவை அல்ல. 1919இல் நாமக்கல்லில் பிறந்த சீனிவாசன் என்னும் இளைஞரின் கைத்திறனைக் கண்ட அவர், சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேருமாறு அறிவுரை கூறினார். அங்கே தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் கீழ்ப் பயின்ற அவ்விளைஞரே பின்னாளில் ஆனந்த விகடனில் 'சில்பி' ஆனார். அப்பெயரைச் சூட்டியவர் கேலிச்சித்திர மன்னர் மாலி. கோயிற் சிற்பங்களைச் சில்பி வரைந்த கோடுகளில் பயிற்சியின் உறுதி தெரிகிறது. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலுவின் கோட்டிலும் அவ்வுறுதி உண்டு.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. ஆர்.கே. லட்சுமணனை மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுத்தது. அவர் மைசூரில் பட்டம் பெற்று, நாடறிந்த கருத்துப்படக் கலைஞரானார். 1906இல் தொடங்கிய 'இந்தியா' இதழின் கருத்துப்படங்களுக்குக் கருத்தளித்தவர் பாரதியார். தூரிகை பிடித்தவர் வேறொருவர். செய்தியறிவும் சொல்வன்மையும் நகையுணர்வும் இக்கலையின் பாதி. அப்பாதியை ஓவியக் கல்லூரி தருவதில்லை. தமிழ் வகுப்பு தரக்கூடும். (நம் துறைக்கு இதனால் சிறு பெருமை வந்தால் வரட்டும்!)

எனவே செலவைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். 1850இல் தோன்றிய சென்னைக் கல்லூரியும் கும்பகோணம் கல்லூரியும் அரசுக் கல்லூரிகள். ஆங்குக் கட்டணத்தைவிடத் தங்குமிடமும் உணவும் வண்ணமும் தாளுமே பெருஞ்செலவு. அவ்விடம் கிடைத்தால் நான்காண்டுச் செலவைத் தயங்காது ஏற்கலாம் என்பதே நம் கருத்து. ஜமாஅத் கல்வி நிதியும் மருத்துவம், பொறியியலோடு நின்றுவிடாது இத்தகைய மாணவரையும் தாங்கலாம். நிலத்தை அடகு வைத்துத் தனியார் பயிற்சி நிலையங்களில் சேர்வதை நாம் ஒப்புவதற்கில்லை. பத்திரிகைகளில் கருத்துப்படக் கலைஞருக்குரிய நிலையான பணியிடங்கள் மிகச் சில. அவ்வூதியத்தை நம்பிக் கடன்படலாகாது. கையால் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த நம்மூர் ஓவியர் பலரின் தொழிலை அச்சுப் பதாகைகள் பறித்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் வரையும் திறனையும் சோதிப்பர். அதற்கு முன் சில திங்களேனும் சேலம் பேருந்து நிலையத்திலும் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் அமர்ந்து, அசையும் மனிதரை நாள்தோறும் வரைந்து பழகுக. தேதியிட்ட அத்தாள்களைப் பெற்றோரிடமும் காட்டுக.