வில்லோடு முதல் மியூல் மான்: எதை முதலில் முடிவு செய்வது?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பொது நிலத்தில் மியூல் மான் வேட்டைக்குத் தயாராகும் புதியவர்கள் முதலில் வில்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி, எத்தனை பவுண்டு இழுவை என்று. நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுவேன். முதல் பருவத்தில் பெரிய கொம்பை விட முக்கியம், மானை நெருங்கிப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கை. பதுங்கிச் செல்வது செய்து செய்தே கைவரும். ஆகவே எந்த மாதம், எந்த நிலம், எந்த முறை அதிக வாய்ப்பு தருமோ அதையே எடுங்கள்.

மாதத்தில் தொடங்குவோம். நெவாடாவின் பெரும்பாலான பகுதிகளில் வில் பருவம் ஆகஸ்ட் 10-ல் தொடங்குகிறது. கொலராடோவில் செப்டம்பர் தொடக்கத்தில். ஆகஸ்டில் ஆண் மான்களின் கொம்பை இன்னும் வெல்வெட் போன்ற தோல் மூடியிருக்கும். அவை சிறு கூட்டங்களாகத் திறந்த சரிவுகளில் மேயும். செம்பழுப்பான கோடை ரோமம் தொலைவிலிருந்தே கண்ணில் படும். செப்டம்பரில் அந்தத் தோல் உரிந்த பிறகு கூட்டம் கலைந்து, அதே மான்கள் அடர்ந்த மறைவுக்குள் போய்விடும். அரிசோனாவில் ஜனவரியிலும் வில் பருவம் உண்டு. அது அங்கே இணைசேரும் காலம் என்பதால் ஆண் மான் பகலிலும் அலையும். ஆனால் அதைச் சுற்றிலும் பெண் மான்களின் கண்களும் காதுகளும் விழித்திருக்கும். புதியவருக்கு நான் ஆகஸ்டையே சொல்வேன். அதற்கான விலை வெயில். மான் விழுந்த உடனே தோலுரித்து, எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்து, காற்றுப்புகும் துணிப்பையில் நிழலில் தொங்கவிட முடியாதவர் ஆகஸ்டில் போகவே கூடாது.

அடுத்தது நிலம். கொலராடோவில் சுமார் 11,500 அடிக்கு மேல் மரங்கள் நின்றுவிடும். அதற்கு மேலுள்ள புல்வெளிப் பள்ளத்தாக்குகளின் படங்கள்தான் எல்லோரையும் இழுக்கின்றன. மான் அங்கே நன்றாகத் தெரியும், உண்மைதான். ஆனால் சமவெளியிலிருந்து வருபவருக்கு முதல் இரண்டு நாள் தலைவலியிலும் மூச்சுத்திணறலிலும் போய்விடலாம். பிற்பகல் இடிமழை நாளின் பாதியைத் தின்னும். வளர்ந்த ஆண் மானின் இறைச்சி எலும்பு நீக்கிய பிறகும் 25 கிலோவுக்குக் குறையாது, அதைச் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். இடைப்பட்ட உயரத்தில், சேஜ்பிரஷ் புதரும் ஜூனிபர் மரமும் கலந்த மேட்டுநிலத்தில் மான் குறைவாகத் தெரியலாம். ஆனால் வண்டியருகே கூடாரம் போடலாம், ஒரு மேடு பொய்த்தால் மதியமே வேறு மேட்டுக்கு மாறலாம். முதல் ஆண்டில் இந்த வசதிக்கு ஈடில்லை.

வயோமிங்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டாட்சி அரசு வில்டர்னஸ் என்று அறிவித்த பகுதிக்குள் வெளிமாநிலத்தவர் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் பெரிய விலங்குகளை வேட்டையாட அந்த மாநிலச் சட்டம் அனுமதிப்பதில்லை. பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம்போல் மாறிமாறி வரும் இடங்களும் அங்கே ஏராளம். ஒரு பொது நிலத்தின் மூலையிலிருந்து அடுத்த பொது நிலத்தின் மூலைக்குத் தாண்டுவது பற்றி 10-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-ல் வேட்டைக்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் மொன்டானாவும் ஐடஹோவும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராதவை. கைப்பேசியில் நில உரிமை வரைபடம் இல்லாமல் எங்கும் போகாதீர்கள்.

முறைக்கு வருவோம், வேட்டையின் உயிர் இதில்தான் இருக்கிறது. வறண்ட நாட்டில் நீர்நிலை அருகே மறைந்து காத்திருப்பது ஒரு வழி. கால் வலிக்காது, தூரம் முன்கூட்டியே தெரியும். ஆனால் ஒரு மழை பெய்தால் குட்டை குட்டையாக நீர் தேங்கி, உங்கள் இடம் வெறிச்சோடிவிடும். நெவாடாவில் நீர்நிலையிலிருந்து 100 கஜத்துக்குள் கூடாரமடிப்பதும் சட்டமீறல். பார்த்துப் பதுங்குவதே எனக்கு உகந்தது. விடியுமுன் ஒரு மேட்டில் உட்கார்ந்து, முக்காலியில் பொருத்திய பைனாகுலரால் சரிவுகளை அங்குலம் அங்குலமாகத் தேடுங்கள். மான் தெரிந்ததும் ஓடாதீர்கள். அது படுக்கட்டும். முதலில் படுத்த இடத்தில் வெயில் ஏறியதும் எழுந்து நிழல் பார்த்து மறுபடி படுக்கும். அந்த இரண்டாவது படுக்கைக்குப் பிறகே கிளம்புங்கள். காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழிறங்கும். வெயில் ஏறியபின் மேலே எழும். காற்று மேல்நோக்கி நிலைத்த பிறகு, மானுக்கு மேலிருந்து இறங்கி வருவதே சரியான வழி. கடைசி தூரத்தில் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடப்பவர்கள் பலர். அந்தப் பெரிய காதுகள் ஒரு கூழாங்கல் உருள்வதையும் கேட்டுவிடும்.

வில்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: காம்பவுண்ட் வில். முழுதாக இழுத்த பிறகு பாரத்தின் பெரும்பகுதி குறைந்துவிடுவதால், படுத்த மான் எழும்வரை இழுத்தபடி காத்திருக்க முடியும். ரிகர்வ் வில் அழகான கருவி; சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு எடுங்கள். குறுக்குவில் எல்லா மாநிலங்களின் வில் பருவத்திலும் செல்லாது. வயோமிங்கில் செல்லும், கொலராடோவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அனுமதி இல்லாமல் செல்லாது.

எந்தத் தூரத்தில் எய்வது என்பதில் நான் கறாராக இருப்பேன். விநாடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பு 60 கஜம் கடக்க அரை விநாடிக்கும் மேலாகும். நாண் ஒலி அதற்கு வெகு முன்பே மானை அடைந்துவிடும். அது ஓர் அடி வைத்தாலே நுரையீரலுக்குப் போகும் அம்பு குடலுக்குப் போய்விடும். குடலில் பட்ட மானைப் பல மணி நேரம் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும், ஆகஸ்ட் வெயிலிலோ இறைச்சி அதுவரை தாங்காது. முதல் ஆண்டில் 40 கஜத்தைத் தாண்டாதீர்கள். பக்கவாட்டில் நிற்கும் மானையோ, சற்று விலகித் திரும்பி நிற்பதையோ மட்டுமே குறிவையுங்கள். சந்தேகம் வந்தால் நாணை மெல்லத் திரும்ப விடுங்கள்.

மான்களைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய், சிடபிள்யூடி, முதன்முதலில் 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மியூல் மான்களிடம்தான் கவனிக்கப்பட்டது. நோய் உள்ள பகுதியில் வேட்டையாடினால் மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்தபின் இறைச்சியைச் சமையுங்கள்.

இவ்வளவும் உரிமச்சீட்டு கையில் இருந்தால்தான். கொலராடோவின் குலுக்கலுக்கு ஏப்ரல் தொடக்கத்திலும் நெவாடாவுக்கு மே மாதத்திலும் விண்ணப்பம் முடிந்துவிடும். குலுக்கலில் தவறவிட்டவர்கள் ஆகஸ்டில் கொலராடோ விற்கும் மீந்த சீட்டுகளைப் பாருங்கள். வேட்டைக் கல்விச் சான்றிதழை இந்தக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள்.