தனித்தட்டு காசநோயைத் தடுக்காது

நம்பிக்கை: டிபி வந்தவருக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைக்க வேண்டும்.

உண்மை: தட்டிலோ துணியிலோ இந்த நோய் ஒட்டுவதில்லை. நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளை அடுத்தவர் மூச்சில் இழுத்தால்தான் தொற்றும். கழுத்தில் கட்டியாகவோ முதுகெலும்பிலோ வரும் டிபி பொதுவாகப் பிறருக்குப் பரவுவதே இல்லை. தட்டைப் பிரித்து வைப்பதால் வீட்டில் ஒருவருக்கும் பாதுகாப்பு கிடைப்பதில்லை. நோயாளியின் மனம்தான் நொறுங்குகிறது. பாத்திரத்தைப் பிரிக்கிற அக்கறையோடு ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

நம்பிக்கை: நோயாளியை வீட்டில் வைத்திருந்தால் குடும்பத்துக்கே வந்துவிடும்.

உண்மை: இது சரியா என்ற கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்னது நம் சென்னைதான். ஒரு காலத்தில் டிபி என்றாலே சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனைதான். தாம்பரத்தில் ரயில் நிலையத்தின் பெயரிலேயே அது இன்னும் இருக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவு வீட்டிலேயே இருந்தது: நெருக்கமான சிறு வீடுகள், போதாத உணவு, ஓய்வும் குறைவு. இரு பிரிவுக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டுக்கு. முடிவில் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமடைந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்த உறவினர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. மருந்து தொடங்கியதும் பரவும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டிருந்த நாட்கள்தான் ஆபத்தானவை. 1959-ல் இந்த முடிவுகள் வெளிவந்த பிறகு, பல நாடுகள் வீட்டுச் சிகிச்சைக்கு மாறின. அந்த ஆய்வை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே ஊரில் நோயாளியைத் திண்ணையில் படுக்க வைக்கும் வீடுகள் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நம்பிக்கை: இருமல் நின்று எடையும் ஏறிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாம்.

உண்மை: கூடாது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் சில வாரங்களிலேயே உடம்பு தேறிவிடும், ஆனால் மெதுவாகப் பெருகும் கிருமிகள் உள்ளே மிச்சமிருக்கும். பாதியில் விட்டால் நோய் திரும்பலாம்; மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம், அப்போது வேறு மருந்துகள் தேவைப்படும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்து, ரத்தம் என்று பயந்து மாத்திரையை விடுபவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், அதனால் கெடுதல் இல்லை. கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நம்பிக்கை: பிறந்ததும் பிசிஜி ஊசி போட்டாயிற்று, இனி டிபி வராது.

உண்மை: குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து பிசிஜி காக்கிறது, அதனால் அதைத் தவறாமல் போட வேண்டும். பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்பது, 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வில் தெரிந்தது. ஆகவே வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் டிபி என்றால் மற்ற எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்கு, முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, தடுப்பு மாத்திரை உண்டு. அரசு மருத்துவமனையில் கேளுங்கள், இலவசமாகவே தருகிறார்கள்.