நின்றுபோன கார்புரேட்டர் காரை ஸ்டார்ட் செய்ய...

பழைய மாருதி 800, பிரீமியர் பத்மினி போன்ற கார்புரேட்டர் வண்டிகள் சில மாதம் ஓடாமல் நின்றிருந்தால், எடுத்ததும் செல்ஃப் அடிக்காதீர்கள். பானெட்டைத் திறந்து எலி கடித்த ஒயர், வெடிப்பு விட்ட பெட்ரோல் ட்யூப் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில், பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். டேங்கில் வார்னிஷ் போல நெடி அடித்தால் பழைய பெட்ரோலை மெக்கானிக்கை வைத்து இறக்கிவிடுவதே நல்லது.

நிற்கும்போது கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். இவ்வண்டிகளில் இன்ஜின் சுற்றினால்தான் பம்ப் பெட்ரோலை இழுக்கும். அதனால் முதல் சில முறை வெறுமனே சுற்றும், பயப்பட வேண்டாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் பேட்டரிக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு சோக்கை முழுதாக இழுத்து, ஆக்சிலரேட்டரை இரண்டு முறை மிதித்துவிட்டு அடியுங்கள்.

பெட்ரோல் வாடை குப்பென்று வந்தால் அதிகமாக இறங்கிவிட்டது என்று பொருள். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடியே செல்ஃப் அடிக்க வேண்டும்.

வண்டி பிடித்ததும் ரேஸ் கொடுக்காதீர்கள். ஆயில் மேலே ஏறட்டும். சூடேறச் சூடேற சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள்.

கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. இன்ஜின் பின்னடித்தால் தீப்பற்றிவிடும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவும் விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.