எலும்பு நிபுணரிடம் போகுமுன்

நம் தீவுப்பகுதியில் ஒருவர் பனையிலிருந்து விழுந்தாலென்ன, வள்ளத்தில் சறுக்கி விழுந்தாலென்ன, முதலில் நினைவுக்கு வருபவர் முறிவு நெரிவு வைத்தியரே. பரம்பரைக் கைப்பழக்கமுள்ள அவரை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால், "பெரியாஸ்பத்திரிக்குப் போனால் வெட்டிவிடுவார்கள்" என்ற பயத்தில் நாட்களைக் கடத்துகிறோமே, அதுதான் ஆபத்து.

எலும்பு நிபுணர் என்றாலே கத்திதானா? அல்ல. 'ஓர்த்தோபீடிக்ஸ்' என்ற பெயரை 1741இல் பிரெஞ்சு வைத்தியர் நிக்கொலா அந்திரி, 'நேர்', 'பிள்ளை' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆக்கினார். வளைந்த மரத்தைத் தடியோடு சேர்த்துக் கட்டிய படமொன்று அவர் நூலில் உண்டு. நம் வைத்தியர் மட்டை வைத்துக் கட்டுவதும் ஏறக்குறைய அதுதானே! இன்றும் பல முறிவுகள் எலும்பை நேராக்கிப் பிளாஸ்ரர் போடுவதோடு முடிந்துவிடும். முனைகள் விலகி நின்றாலோ, மூட்டுக்குள் முறிந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தாலோதான் பெரும்பாலும் சத்திரசிகிச்சை.

ஆச்சி வழுக்கி விழுகிறார். ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கிறது. இடுப்பருகே தொடையெலும்பு முறிந்திருக்கலாம். "இந்த வயதில் ஒப்பரேசன் எதற்கு?" என்று பாயில் கிடத்துவது இரக்கம்போலத் தோன்றும். ஆனால் கிடந்த கிடையில் சளி நெஞ்சிற் கட்டும், முதுகு புண்ணாகும், காலில் இரத்தம் உறையும். ஓரிரு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே நல்லதென்பது இன்றைய வைத்தியர்களின் முடிவு.

யார் கட்டிய கட்டானாலும் சரி, விரல்கள் நீலித்து, விறைத்து, அசைக்கும்போது உயிர்போகும் வலி எடுத்தால், விடியட்டும் என்று இராதீர்கள். இரத்தவோட்டம் நின்ற தசை ஏறக்குறைய 6 மணித்தியாலத்திற் சாகத் தொடங்கும். நெடுந்தீவில் நடுச்சாமமானாலும் அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிச் செல்லுங்கள்.

புதிய முறிவானால், வைத்தியர் பார்க்கும்வரை தேத்தண்ணீரும் கொடுக்கவேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம். பழைய எக்ஸ்றேப் படங்களையும், வழக்கமாக எடுக்கும் குளிசைகளையும் கொண்டு போங்கள். நீரிழிவுக் குளிசையும் இரத்தத்தை இளக்கும் குளிசையும் முக்கியம்.

கிளினிக்கில் நேரம் குறைவு. கேள்விகளைத் துண்டில் எழுதிச் செல்லுங்கள். வெட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? எப்போது காலூன்றலாம்? "எப்போது சுகம் வரும்?" என்று பொதுவாகக் கேளாமல், உங்கள் தொழிலைச் சொல்லி, "எப்போது வலை இழுக்கலாம்?" என்று கேளுங்கள். மணிக்கட்டு பொருந்த ஏறக்குறைய 6 கிழமை. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு 3 மாதமோ, அதற்கு மேலோ. நோவு போய்விட்டதென்று தவணையைத் தவறவிடாதீர்கள். எலும்பு உள்ளே பொருந்திவிட்டதா என்பதை அன்றெடுக்கும் எக்ஸ்றேதான் காட்டும்.