பித்தளை என்று விற்ற இரும்பு

தடித்த டெனிம் உடைகளையும் கையால் தைத்த தோல் சாமான்களையும் வருஷக்கணக்கில் உபயோகித்து, துணி வெளுப்பதையும் தோல் கறுத்து மெருகேறுவதையும் பார்த்து ரசிப்பது ஒரு பொழுதுபோக்காகுமா என்று கேட்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஒரு ரெக்ஸின் பையை வாங்கி, அது செதில் செதிலாக உரிந்து உதிர்ந்ததும், மறு வருஷம் அதே கடையில் அதே பையை வாங்குகிறவர்கள். நான் எழுதுவது, என்னைப்போல ஜவ்வாது மலையில் வசித்துக்கொண்டு, சாமைக் கொல்லைகளின் ஊடே நடந்து, உண்ணிமுள்ளில் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, வேலை நேரும்போதெல்லாம் காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்கும் வாசகருக்கு. அத்தகையவருக்குத் தோலும் நூலும் மெழுகும் கிடைப்பதில் யாதொரு சிரமமும் இல்லை. அவர் ஏமாறக்கூடிய இடம் பக்கிள் ஒன்றுதான்.

தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரோம் உப்பில் பதனிட்டது ஒரு வகை; ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவர வஸ்துக்களால் பதனிட்டது மற்றொரு வகை. பாலாற்றங்கரையில் இன்று ஏராளமாகத் தயாராவது பெரும்பாலும் முன்னதுதான். தோல் பதனிடும் சாலைகளின் கழிவு அந்த ஆற்றை என்ன செய்தது என்பதை 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பைப் படித்தால் தெரியும். பின்னதுதான் வெள்ளைக்காரர் காலத்திலேயே கிழக்கிந்தியத் தோல் என்று கீர்த்தி பெற்று, 2008-ல் ஈ.ஐ. தோல் என்ற பெயரிலேயே புவிசார் குறியீடும் வாங்கியது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கங்களில் இன்னும் செய்கிறார்கள். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். ஓரம் முழுதும் ஒரே பழுப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட இடம் உடனே கறுத்தால் அது தாவரத் தோல். நடுவே நீலச் சாம்பல் ஓடினால் குரோம். வெயில் பட்டு, கை பட்டு, எண்ணெய் பட்டு நிறம் முதிர்வது தாவரத் தோலில்தான் பார்க்க வேண்டிய காட்சி. ஆகவே எங்கள் ரசனைக்கு மற்றது பிரயோஜனமில்லை.

அப்படித் தேடி வாங்கிய தோலில் நானே ஒரு தோள்பை தைத்தேன். மலைத்தேன் எடுப்பவர் கொடுத்த மெழுகில் நூலை இழுத்து, குத்தூசியால் துளையிட்டு, ஒரே துளையில் இரண்டு ஊசிகளை எதிரெதிரே ஓட்டித் தைத்த தையல் அது. இயந்திரத் தையலில் ஓர் இழை அறுந்தால் வரிசையே பிரிய வழியுண்டு, இதில் அறுந்த இடத்தோடு சேதம் நின்றுவிடும். கத்தி பிடிப்பது, ஓரம் மழிப்பது, மெருகிடுவது ஆகியவற்றை எந்தச் சக்கிலியர் தெருப் பெரியவரும் ஒரு மாலையில் கற்றுத்தருவார்; அவற்றை விஸ்தரிக்கப் போவதில்லை. பக்கிளையும் ரிவிட்டுகளையும் மட்டும் அடிவாரத்து நகரம் ஒன்றில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சாமான் கடையில் வாங்கினேன். "சுத்தப் பித்தளை சார், உங்க பேரப்பிள்ளை காலம் வரைக்கும் வரும்" என்றார் கடைக்காரர். பேரப்பிள்ளை வரவில்லை, ஐப்பசி வந்தது.

மலையில் ஐப்பசி மழையென்றால் துணியும் சுவரும் விறகும் ஒருசேர ஈரம் கசியும் காலம் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு காலையில் பார்த்தால், பக்கிளைச் சுற்றி மையைக் கொட்டியதுபோல ஒரு கறை. மறுநாள் ஒவ்வொரு ரிவிட்டைச் சுற்றியும் ஒரு கருவட்டம். பூஞ்சணம் என்று எண்ணித் துடைத்தேன், போகவில்லை. எங்கள் ஊரில் கடுக்காய் பொறுக்கி விற்கும் முதியவர் ஒருவர் பையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கடுக்காயைக் கொண்டுபோய் இரும்புல வெச்சா, கறுக்காம வேற என்னா பண்ணும்?" என்றார். நம் முன்னோர் கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இந்தத் தத்துவத்தைக் கொண்டுதான். தாவரத் தோலில் நிறைந்திருக்கும் துவர்ப்புச் சத்து, ஈரத்தில் கரைந்துவரும் இரும்போடு கூடினால் கறுப்பு பிறந்தே தீரும். பித்தளையில் இரும்பு ஏது? ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்தேன். பக்கிள் டக்கென்று ஒட்டிக்கொண்டது. மேலே பூசிய முலாம்தான் பித்தளை நிறம்.

கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் சற்றும் சஞ்சலப்படாமல், தோல்தான் சரியில்லை, குரோம் தோலில் தைத்திருந்தால் இப்படிக் கறுத்திருக்காது என்று எனக்கு உபதேசம் செய்தார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான் விலை கொடுத்தது பித்தளைக்கு. விலை குறைவாக இருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். சரக்கின் பெயரைச் சொல்லி விற்கிறவன் அந்தச் சரக்கைக் கொடுக்கக் கடமைப்பட்டவன், விலை எதுவாயினும் சரி, என்பது என் அபிப்பிராயம். அதை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. என் மைத்துனனோ, "இதுக்குத்தான் மாமா, ரெடிமேடா வாங்கச் சொன்னேன்" என்று சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை வீணாக்கவில்லை. அவன் தோளில் தொங்கிய ரெடிமேட் பையின் வார் அப்போதே வெடிக்கத் தொடங்கியிருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எலுமிச்சம்பழச் சாற்றைத் தேய்த்தால் கறை குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள்; குறையத்தான் செய்யும். ஆயினும் திட்டுத் திட்டாக வெளுத்த பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவதில் எனக்குச் சம்மதமில்லை. காளஹஸ்தியில் கலம்காரி எழுதுகிறவர்கள் இரும்பையும் வெல்லத்தையும் நீரில் புளிக்கவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் கறுப்பு வரைவதை அறிந்திருந்தபடியால், எதிரியின் ஆயுதத்தையே கைக்கொள்வதென்று தீர்மானித்தேன். உலோகம் அனைத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்து (மூடியை இறுக்கிவிடாதீர்கள், வாயு கிளம்பும்), அந்நீரை வடிகட்டிப் பை முழுதும் பூசினேன். கண்ணெதிரே பழுப்பு மறைந்து கறுப்புப் பரவிற்று. பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் புளிப்பை முறித்து, நிழலில் உலர்த்தி, புங்க எண்ணெய் ஏற்றினேன். எண்ணெயின் வாசனை வீட்டாரின் பொறுமையைச் சிலநாள் சோதித்தது வாஸ்தவம். ஆனால் அந்தக் கறுப்பு சாயக்கடையில் கிடைப்பதன்று; தோலுக்குள்ளேயே விளைந்தது, தேய்த்தால் கையில் ஒட்டாது. பழுப்புப் பையைத்தான் முதலிலேயே கறுப்பாக்கத் திட்டமிட்டிருந்தேன் என்று மைத்துனனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

டெனிமிலும் கவனிக்கவேண்டியது இதே உலோகம்தான். 1873 மே 20-ல் லீவை ஸ்ட்ராஸும் ரெனோ நகரத்துத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் பேட்டண்ட் வாங்கியது துணிக்காக அன்று, பையோரம் கிழியாதிருக்க அடித்த ரிவிட்டுக்காக. அவர்கள் அடித்தது செம்பு. இன்று மலிவு ஜீன்ஸுகளில் செம்பு முலாம் பூசிய இரும்பு அடிக்கிறார்கள். மழையில் நனைந்து காய்ந்தால் அந்த இடத்தில் துரு இறங்கும், பிறகு துணியே நைந்துபோகும். மற்றபடி, பாவு நூலில் நீலச்சாயம் மேலோடுதான் ஏறியிருக்கிறது, உள்ளே வெள்ளைதான். ஆகவே உராயும் இடமெல்லாம் நம் நடையையும் வேலையையும் பொறுத்து வெளுக்கும். அந்த அழகுக்காக அரை வருஷம் துவைக்காமல் உடுத்துகிறேன் என்று பெருமை பேசும் நகரத்து ரசிகர்கள் நம் செம்மண் சரிவில் ஒரு வாரம் நடந்து பார்க்கட்டும். வேர்வையும் புழுதியும் சேர்ந்து நூலை அறுக்கும். உட்புறம் வெளியாகத் திருப்பி, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். தோலையும் டெனிமையும் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்காதீர்கள். காற்றுப் போகும் பழந்துணி போதும்.

பையில் எப்போதும் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பக்கிளின் பின்புறத்தைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அது துத்தநாக வார்ப்பு, ஒருநாள் பாரம் தாங்காமல் முறியும். மஞ்சளாகவே இருந்தால்தான் பித்தளை. இப்போதெல்லாம் நான் கடையில் பேச்சைத் தொடங்குமுன் காந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறேன். கடைக்காரர்கள் அதைப் பார்த்ததும், வெளியே பரப்பியிருந்த பெட்டியை ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்து வேறொரு பெட்டியை எடுத்துவருகிறார்கள். அதன் விலை இரண்டு மடங்கிருக்கும். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.